கொடுத்தவருக்குக் கட்டம் இல்லை

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். உன் மாமாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே மறுபடியும் ஏற்றிக்கொள்வார் போலிருக்கிறது. உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? மூக்குக்கண்ணாடி தேய்க்கும் மிஷின் முன்னால் நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருந்தால் தோள் என்ன செய்யும், பாவம்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நமக்கு நாலாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. போன தடவை எதற்குச் சண்டை போட்டோம் என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் நீதான் முதலில் வைத்தாய். தவிர, இது வேலை விஷயம். தாளில் இருந்தால் என் ஃபைலில் வைக்கலாம்.

பன்னிரண்டு கல்லூரிகள் ஆடும் லீகில் எங்கள் பெண்கள் அணி போன வருஷம் ஏழாவது. அதற்கு முந்தைய வருஷமும் ஏழாவது. ஏழாவது இடத்தில் இருப்பவர்களை யாரும் திட்டவும் மாட்டார்கள், பார்க்கவும் வர மாட்டார்கள். போன வாரம் முதல்வர் கூப்பிட்டு, பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே, "மேடம், இந்த சீசன்ல முதல் அஞ்சுக்குள்ள வாங்க. இல்லன்னா கூடைப்பந்துக்குக் கொடுக்கிற மூணு இலவச சீட்டையும் நிறுத்த வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த சீட் இல்லையென்றால் என் பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு சீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது சீட்டுக்குக் கூடைக்குப் பக்கத்தில் நின்று போடத் தெரிந்த உயரமான பெண் வேண்டும். நீ சனிக்கிழமைகளில் பள்ளிப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதப் போகிறாயே, கொஞ்சம் கண் வைத்துப் பார்த்து எழுது. என் சட்டம் உனக்குத் தெரியும். சொந்தக்காரப் பிள்ளைகளை எடுப்பதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாமாவின் தங்கை மகளை எடுத்துவிட்டுப் பட்ட பாடு போதும். நன்றாக ஆடிய பெண். "அவங்க வீட்டுப் பொண்ணு" என்று பேசிப் பேசியே பாதி வருஷத்தில் அவளை ஓட வைத்துவிட்டார்கள்.

பொடிசுக்குப் பரீட்சை முடிந்ததா? அவளுக்கு அத்தையின் முத்தம்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் பரவாயில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். மாமாவின் ரத்த அழுத்தம் பற்றி அவரே எனக்கு இரண்டு தடவை போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.

நீ கேட்ட ஆள் இங்கேயே இருக்கிறாள். நம் பொடிசு படிக்கிற பள்ளிதான். பிள்ளைகள் அவளை 'ஏணி' என்று கூப்பிடுகிறார்கள். ஐந்தடி பதினொன்று. கூடைக்கு இடப்பக்கம் இரண்டு எட்டுத் தள்ளி நிற்பாள். பந்து கைக்கு வந்ததும் ஒரு திரும்பு, ஒரு குதி, பந்து உள்ளே. இறுதிப் போட்டியில் இருபத்திரண்டு புள்ளி. ஸ்கோர் தாளில் அவள் பெயருக்கு எதிரே எழுதி எழுதி எனக்குக் கை வலித்துவிட்டது. அம்மா தையல் கூடத்தில் வேலை பார்க்கிறார். அப்பா இல்லை. இலவச சீட் கிடைத்தால்தான் மேலே படிப்பு.

பொடிசும் அந்த அணியில்தான் ஆடுகிறாள், உனக்குத் தெரியும். அவளைப் பற்றி நான் எழுதவில்லை. அப்பன் எழுதினால் அது அறிக்கை ஆகாது, சிபாரிசு ஆகிவிடும். அவள் இங்கேயே வணிகவியல் சேரலாம் என்கிறாள்.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு உன் தம்பி பெண்டாட்டி, "அவங்க கேட்டதுக்கு மட்டும்தான் பதில் எழுதுவீங்களா?" என்கிறாள். வேறு எதற்கு எழுதுவதாம்?

உன் தொண்டையைக் கவனித்துக்கொள். மைதானத்தில் கத்திக் கத்திப் போன வருஷம் போல ஊமையாகிவிடாதே.

தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

தொண்டை இருக்கிறது. லீவு என்பதால் கத்த ஆள் இல்லை. மாமா ஒருவர் போதவில்லை.

உன் ஏணியைப் பற்றி உதவிப் பயிற்சியாளரிடம் படித்துக் காட்டினேன். "உடனே கூப்பிடுங்க மேடம்" என்கிறாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் அவசரம். எனக்கு இன்னும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, பந்து எதிரணிக்குப் போனால் இவள் திரும்பி ஓடுகிறாளா, நின்று வேடிக்கை பார்க்கிறாளா? இரண்டு, போட்டது தவறினால் யார் முகத்தைப் பார்க்கிறாள்? மூன்று, இவளுக்குப் பந்து யார் கொடுக்கிறார்கள்?

பொடிசைப் பற்றி எழுத மாட்டேன் என்றாயே, அது சரி. இந்த நேர்மைக்காகத்தான் ஊரில் எத்தனையோ பயிற்சியாளர்கள் இருந்தும் நான் உன்னைக் கேட்கிறேன். அவள் வணிகவியல் படிப்பது நல்லதுதான். கணக்கில் எப்போதும் கெட்டி.

சீக்கிரம் எழுது. சேர்க்கைப் பட்டியல் மே கடைசியில் போடுகிறார்கள்.

அக்கா

மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் லீவு. வீட்டில் எல்லோரும் நலம்.

முதல் கேள்வி. ஏணி திரும்பி ஓடுகிறாள். கால் நீளம் என்பதால் மெதுவாக ஓடுவது போலத் தெரியும், ஏமாந்துவிடாதே. இரண்டாவது, தவறினால் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தன் கையைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்றாவது, பந்தை அணியில் எல்லோரும்தான் கொடுக்கிறார்கள்.

நல்ல பெண். தைரியமாக எடுத்துக்கொள்.

தம்பி

ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதங்களின் அடியில் பொடிசு ஒரு வரியாவது எழுதியிருப்பாள் என்று பார்த்தேன், இல்லை. உடம்பு சரியில்லையா?

ஏணி வந்து ஆறு வாரம் ஆகிறது. விடுதிக் கட்டிலில் கால் வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்று வார்டன் புகார். கட்டில் காலடியில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தங்கமான பிள்ளை. முதல் ஆளாக மைதானத்துக்கு வருகிறாள், பந்துகளைத் துடைத்து வைக்கிறாள். ஆனால் தம்பி, ஆட வரவில்லை!

நீ சொன்ன அதே இடத்தில், இடப்பக்கம் இரண்டு எட்டுத் தள்ளிப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பந்து வருவதில்லை. வந்தாலும் பிடிக்கிற நேரத்துக்கு அது கையைத் தாண்டிப் போய்விடுகிறது. பயிற்சி ஆட்டம் ஏழு முடிந்தது. எல்லாவற்றிலும் சேர்த்துப் பதினான்கு புள்ளி. உதவிப் பயிற்சியாளர் என் காது படவே, "ஸ்கோர் தாள பார்த்து ஆள் எடுத்தா இப்படித்தான்" என்கிறாள்.

வாயைத் திறந்து பந்தைக் கேட்கச் சொன்னேன். கேட்கத் தெரியவில்லை. மைதானத்தில் "இங்க!" என்று ஒரு வார்த்தை கத்த அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். ஒரு மணி நேரம் அவளைத் தனியாக நிறுத்தி வெறும் "இங்க" மட்டும் கத்த வைத்தேன். கேண்டீன்காரர், "யாரைம்மா கூப்பிடறீங்க?" என்று ஓடி வந்துவிட்டார். சிரிக்காதே. இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் அவள் கேட்காமலே யாரோ சரியாகக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். யார் என்று அவளிடமே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்கிளையே கேளுங்க மிஸ்" என்கிறாள்.

அதனால் கேட்கிறேன், அங்கிளே. யார் அது?

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. சமையலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர். அதற்கப்புறம் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. கண்ணாடி நான்தான் போட்டுக் கொடுத்தேன். "இப்பத்தான் மாப்பிள்ளை முகமே தெளிவாத் தெரியுது" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. வேறொன்று சொல்கிறேன், அதைச் செய்து பார். ஏணிக்குப் பந்தை நெஞ்சுக்கு நேராக எறியக் கூடாது. அவள் திரும்புவதற்கு ஒரு நொடி முன்னால், தரையில் ஒரு தட்டுத் தட்டி, இடுப்பு உயரத்துக்கு எழும்புகிற மாதிரி அனுப்ப வேண்டும். அப்படி வந்தால் தவறவே விட மாட்டாள். இது பொடிசு சொன்னது.

பொடிசு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஓடுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். வேறொன்றும் விசேஷமில்லை.

தம்பி

அண்ணி, நான்தான், உங்கள் தம்பி பெண்டாட்டி. இவர் எழுதாததை நான் எழுதினால் இந்த வீட்டில் குழாய் மறுபடியும் உடையும். மற்றபடி எல்லோரும் நலம். நீங்கள் புத்திசாலி, உங்களுக்கே தெரியும்.

செப்டம்பர் 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. எல்லோரும் நன்றாக இருங்கள்.

தரையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பச் சொன்னேன். எங்கள் பந்து எடுத்துப் போகிற பெண்ணுக்கு முதல் நாள் வரவில்லை. நாலாவது நாள் வந்தது. ஏணி ஒரே மாலையில் பதினொரு கூடை போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பொடிசுதானே?

ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறாய், உன் வீட்டில் இருப்பது உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே மென்று விழுங்கியிருக்கிறாய். "எல்லோரும்தான் கொடுக்கிறார்கள்" என்று எழுதினாயே, கை கூசவில்லை? உன் நேர்மையைத் தூக்கி உடைப்பில் போடு. நீ உண்மையை எழுதியிருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் எதை எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். இப்போது பாதி ஆட்டத்தை எடுத்து வந்து, முழு ஆட்டம் என்று நம்பி மூன்று மாதம் ஒரு பிள்ளையைத் திட்டியிருக்கிறேன்.

சட்டம் போட்டது நான், போதாக்குறைக்கு உன்னைப் பாராட்டியதும் நான். அதனால் கோபத்தில் பாதி எனக்கு. மீதிப் பாதி உனக்குத்தான்.

அக்கா

அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயா? ஐம்பது வயதில் அது உனக்கு நன்றாக இருக்காது. மாமா உன் குரலைக் கேட்காமல் தன் ரத்த அழுத்தத்தை யாரிடம் சொல்வது என்று தவிக்கிறார்.

ஏணி முன்னேறிவிட்டாள். இப்போது "இங்க!" என்றால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிறது. வலப்பக்கமும் நின்று போடுகிறாள். இன்னொன்றும் கற்றுக் கொடுக்கிறேன். தனக்கு வழி அடைபட்டால் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஓடுகிறவளுக்குக் கொடுக்க வேண்டும். அது மட்டும் இன்னும் வரவில்லை. "எனக்குக் கொடுத்துதான் பழக்கம் மிஸ், நான் கொடுத்துப் பழக்கமில்ல" என்கிறாள். ஆறு ஆட்டத்தில் மூன்று ஜெயித்திருக்கிறோம். ஐந்தாவது இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் நடுவில் ஊசலாடுகிறோம்.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமில்லை. வெட்கம். அதனால்தான் எழுதவில்லை.

ஆமாம், பொடிசுதான். ஏழாம் வகுப்பிலிருந்து ஏணிக்குப் பந்து கொடுப்பவள் அவள்தான். பார்க்காமலே கொடுப்பாள். அக்கா, ஸ்கோர் தாளை நீ பார்த்திருக்கிறாய். கூடை போட்டவர் பெயருக்கு எதிரே கட்டம் இருக்கிறது. தப்பு செய்தவர் பெயருக்கு எதிரேயும் கட்டம் இருக்கிறது. கொடுத்தவருக்குக் கட்டமே கிடையாது. தாளில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ மூன்றாவது கேள்வி கேட்ட அன்று அந்தச் சமாதானமும் போய்விட்டது. அப்புறமும் பொய் எழுதினேன். மகளுக்காக அக்காவிடம் கை நீட்டினான் என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது, அதுதான் பயம்.

மே மாதம் ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, அத்தைக்கு என்னைப் பத்தி எழுதினீங்களா?" இல்லை என்றேன். "சரிப்பா" என்றாள். இன்னொரு ஷூவைக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள கல்லூரி இந்த வருஷம் உங்கள் லீகில் சேர்ந்திருக்கிறது. பொடிசு அந்த அணியில் ஆடுகிறாள். ஜனவரியில் உங்களோடு கடைசி ஆட்டம், உங்கள் மைதானத்தில். அன்றைக்கு நான் வர மாட்டேன். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம். ஆட்டம் நேற்று முடிந்தது. நீ கேள்விப்பட்டிருப்பாய், இருந்தாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் நாங்கள் ஐந்தாவது, சீட் தப்பிக்கும். தோற்றால் ஆறாவது, சீட் போச்சு. முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்து பேனாவைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். உன் மகள் ஆடியதை என்ன சொல்ல! அவள் பக்கம் இருப்பதெல்லாம் புதுப் பிள்ளைகள், பந்தைப் பிடிக்கவே திணறுகிறவர்கள். ஒவ்வொருத்திக்கும் அவளவளுக்குத் தோதாகக் கொடுத்துக் கொடுத்தே எங்களை மூச்சு வாங்க வைத்துவிட்டாள். பத்தொன்பது நொடி மிச்சம். ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று. பந்து அவளிடம்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் அவளை நெருக்கினார்கள். அவள் பார்க்காமலே, தரையில் ஒரு தட்டுத் தட்டி, கூடைக்கு இடப்பக்கம் இரண்டு எட்டுத் தள்ளி அனுப்பினாள். அங்கே அவள் அணியில் யாரும் இல்லை. எங்கள் ஏணி நின்றிருந்தாள், கூடையைக் காவல் காத்துக்கொண்டு. கையை நீட்டினாள். ஆறு வருஷமாக நீட்டுகிற அதே கை. பந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி அதில் வந்து உட்கார்ந்தது.

ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஏணி நான் மூன்று மாதமாகக் கெஞ்சிய காரியத்தைச் செய்தாள். தானே வைத்துக்கொள்ளாமல், முன்னால் ஓடியவளுக்குக் கொடுத்தாள். அவள் போட்டாள். ஐம்பத்துமூன்று. நாங்கள் ஐந்தாவது. ஸ்கோர் தாளில் ஓடியவள் பெயர்தான் இருக்கிறது.

பொடிசு தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஏணி ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். என்ன செய்தோம் என்று புரிந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவிகள், அந்த நேரத்திலா சிரிப்பது? பொடிசு அணியின் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து எழுந்து, எனக்குக் கேட்கிற மாதிரியே, "சொந்த அத்தை டீமாச்சே, விட்டுக் கொடுத்துட்டா" என்றார். மைதானத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்து வரிசையாகக் கை குலுக்கினோம். என் முறை வந்தது. கட்டிக்கொள்ளலாம் என்று கை எழும்பிவிட்டது, எல்லோரும் பார்க்கிறார்களே என்று இறக்கிக்கொண்டேன். அவள் என் கையைக் குலுக்கி, "நல்லா ஆடினீங்க மேடம்" என்றாள்.

மேடம் என்றாள், தம்பி. பிறந்த மூன்றாம் நாள் என் மடியில் தூங்கிய பிள்ளை. வீட்டுக்கு வந்து அழுதேன். மாமா காரணம் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார்.

அக்கா

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அழுதாய் என்று படித்ததும் உன் தம்பி பெண்டாட்டியும் அழுதாள். என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். அதனால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது.

பொடிசை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். "நம்பிக்கை போயிடுச்சு" என்று அவர்கள் பயிற்சியாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டாராம். நான் போய்ப் பேசினேன். "பழக்கதோஷம் சார், வேணும்னு செய்யல, ஏழாம் வகுப்புலேருந்து அந்த இடத்துக்குத்தான் கொடுக்கிறா" என்றேன். "நீங்க அவளோட அப்பா, அப்படித்தான் சொல்வீங்க" என்றார். எழுந்து வந்துவிட்டேன். கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூட, "உங்க பொண்ணு அத்தைக்கு நல்லாவே உதவி பண்ணிட்டா போலிருக்கே" என்று சிரிக்கிறார்கள். எது நடக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது வாயை மூடிக்கொண்டிருந்ததாலேயே நடந்தது.

 பொடிசு ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறாள், பழக்கம். ஷூவைப் போட்டுக்கொள்கிறாள். போக இடமில்லை என்று ஞாபகம் வந்ததும் கழற்றி வைக்கிறாள். அப்புறம் வாசலைக் கூட்டுகிறாள்.

உனக்கு சீட் தப்பித்தது சந்தோஷம். மனதாரச் சொல்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? நாங்கள் நலம். இனிமேல் கவனமாகப் படி.

அடுத்த வருஷத்துக்கு மூன்று சீட்டும் உறுதி. அதில் ஒன்றை இரண்டாம் ஆண்டுக்கு வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. நான் முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொடிசு என் மருமகள், ஒன்பது வருஷமாக எனக்கு இப்படியொரு சட்டம், உன் அறிக்கை, நீ எழுதாதது, எல்லாம். அவர் பேனாவைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப என்ன செய்யலாம்ங்கிறீங்க மேடம்?" ஆள் எடுக்கிற தேர்வில் நான் இருக்க மாட்டேன் என்றேன். ஏப்ரலில் பத்துப் பெண்கள் வருவார்கள், பொடிசும் பதினோராவதாக வரட்டும். முதல்வர், உதவிப் பயிற்சியாளர், வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர், மூவரும் பார்த்து முடிவு செய்யட்டும். எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை. நான் அன்றைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விடுவேன்.

உதவிப் பயிற்சியாளர் ஒன்று சொன்னாள். அவளுக்கு அவசர புத்திதான், ஆனால் இது சரியாகப் பட்டது. "உறவுன்னு ஒதுக்கினதும் உறவைப் பார்த்து எடுத்த முடிவுதானே மேடம்?"

வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தவர் ஒருவரின் அறிக்கை வேண்டும். பொடிசின் ஆட்டத்தை ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து ஆறு வருஷம் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். எழுது. பெரிதாக்காதே, சின்னதாக்காதே, பூசி மெழுகாதே. ஊரான் பிள்ளையைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுது. உறவு என்ன என்பதையும் மேலேயே எழுது. மார்ச் பத்துக்குள் என் கையில் இருக்க வேண்டும்.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலம் என்று நம்புகிறேன். நான்கு தாள் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

எழுதுபவருக்கும் ஆடுபவருக்கும் உறவு: மகள்.

உயரம் ஐந்தடி மூன்று. வலது கை. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போவாள், ஆனால் கூடையில் போட மாட்டாள். பந்தோடு ஓடும்போது தலை நிமிர்ந்தே இருக்கும். யாருக்கு எந்த உயரத்தில் கொடுத்தால் பிடிப்பார்கள் என்று இரண்டு நாளில் தெரிந்துகொள்வாள். குறை: தானே போட வேண்டிய இடத்திலும் மற்றவருக்குக் கொடுத்துவிடுவாள். பழகிய இடத்துக்குப் பார்க்காமல் கொடுப்பாள். ஜனவரியில் அதனால் அணி ஓர் ஆட்டத்தில் தோற்றது. வேண்டுமென்று செய்ததல்ல. நான் அப்பா என்பதால் இதை நம்ப வேண்டாம், இத்தோடு இருக்கும் தாள்களைப் பார்த்துக்கொள்ளவும்.

அந்தத் தாள்கள் கடைசி இரண்டு வருஷப் பள்ளி ஆட்டங்களின் கார்பன் பிரதிகள். ஸ்கோர் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று என்னிடம் இருக்கும். ஏணி போட்ட கூடைகளின் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் சின்னச் சின்னப் புள்ளி இருக்கிறதல்லவா? அக்கா, அது இப்போது வைத்ததல்ல. அன்றன்றைக்கே வைத்தது. பொடிசு கொடுத்து ஏணி போட்டால் ஒரு புள்ளி. கட்டம் இல்லையே என்று ஓரத்தில் வைத்தேன். யாருக்கும் காட்டியதில்லை. ஏணிக்கு நூற்று முப்பத்தெட்டுக் கூடை, அதில் தொண்ணூற்றொரு பென்சில் புள்ளி. தெரியாமல் இல்லை நான். நீ சொன்னது சரி.

கவரை ஒட்டுவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். வாசலில் உட்கார்ந்து படித்தாள். தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். புள்ளிகள் மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள்.  உன் தம்பி பெண்டாட்டி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

கடைசியில் தலையைத் தூக்கி, "ஒரு தப்பு இருக்குப்பா" என்றாள்.

"எங்கம்மா?"

"உயரம் அஞ்சடி மூணு இல்ல. ரெண்டரைதான்."

பேனாவை வாங்கி அவளே திருத்திவிட்டாள். மேலே அடித்து எழுதியிருப்பது அவள் கையெழுத்து. அரை அங்குலம் நான்தான் கூட்டியிருக்கிறேன், அக்கா. வேறு எதையும் கூட்டவில்லை.

அவள் இப்போது ஷூ கட்டிக்கொண்டிருக்கிறாள். இதைத் தபாலில் போட நானும் கூடப் போகிறேன்.

தம்பி